நோய் முதலா, கசிவு முதலா?

காஞ்சிபுரத்தில் தறியில் அமர்பவரின் பிழைப்பு, விழித்திரையின் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு குழியை நம்பி இருக்கிறது. அறுந்த பாவு இழையைத் தேடிப் பிடித்து முடிவதும், ஜரிகை விழவேண்டிய இடத்தைக் கண்ணாலேயே அளப்பதும், அரக்குக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் இடையில் உள்ள நூறு சாயல்களைப் பிரித்தறிவதும் அந்தக் குழியின் வேலை. அதனால் நெசவாளர் ஒருவருக்குப் பார்வை மங்கினால் வீட்டிலும் தெருவிலும் இரண்டு காரணங்கள் சொல்வார்கள்: ஜரிகை வேலை கண்ணைத் தின்றுவிட்டது, அல்லது வயதாகிவிட்டது. வயது பல நேரம் சரியான காரணம்தான். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்துப் பார்வை தளரும். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கிட்டத்துப் பார்வைக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி கொடுத்ததுமே அவர்களின் உற்பத்தி, கண்ணாடி பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஆகவே கண்ணாடியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இருபதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட, உழைக்கும் வயதினரைப் பெரும்பாலும் தாக்கும் ஒரு கண்நோய் உண்டு. அதில் கண்ணாடி உதவாது, ஜரிகைக்கும் அதில் பங்கில்லை. உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் சொந்தக் கண்ணையே தாக்குவதால் வரும் உள்கண் அழற்சி அது. மருத்துவர்கள் யுவியைட்டிஸ் என்பார்கள். கிருமியால் வரும் யுவியைட்டிஸும் உண்டு, தன்னெதிர்ப்பால் வருவதும் உண்டு. இங்கே முதன்மையாகப் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இந்த நோயில் பார்வையைப் பறிப்பது பெரும்பாலும் ஒரு கசிவு. ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையில் இருக்கும் தடுப்பு தளர்ந்து, நீரும் புரதமும் உள்ளே இறங்கிவிடுகின்றன. தடுப்பு உடைந்தது, அதனால் நோய் உள்ளே வந்தது என்று நினைப்பது இயல்பு. சான்றுகளோ வேறு வரிசையைக் காட்டுகின்றன. தடுப்பு முழுதாக இருக்கும்போதே நோயெதிர்ப்புச் செல்கள் சில உள்ளே நுழைகின்றன, நுழைந்த பிறகு அவையே தடுப்பை உள்ளிருந்து தளர்த்துகின்றன. எது முந்தியது என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. எங்கே மருந்து போடுவது, எத்தனை காலம் போடுவது என்பதை அந்த வரிசைதான் தீர்மானிக்கிறது.

முதலில் தடுப்பைப் பார்ப்போம். 1885இல் ஜெர்மனியின் பால் எர்லிஷ் விலங்குகளின் உடலில் சாயம் செலுத்தியபோது உறுப்புகள் எல்லாம் நிறமேறின, மூளை மட்டும் ஏறவில்லை. 1913இல் ஷ்னாவ்டிகல் என்ற கண் மருத்துவர், ட்ரைபன் நீலம் என்ற சாயத்தைக் கொண்டு விழித்திரையும் அப்படித்தான் என்று காட்டினார். இன்று அந்தத் தடுப்பில் இரண்டு வரிசை இருப்பது தெரியும். உள்வரிசை விழித்திரையின் சொந்த நுண்குழாய்களின் சுவரில் இருக்கிறது. வெளிவரிசை விழித்திரைக்குப் பின்னால் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் நிறமிச் செல்களில் இருக்கிறது. அதற்கும் பின்னால் உள்ள ரத்தப் படலத்தின் குழாய்கள் இயல்பிலேயே துளையுள்ளவை, தாராளமாகக் கசிபவை. அந்தக் கசிவு முன்னால் வராமல் நிறுத்துவது நிறமி அடுக்குதான். இரு வரிசையிலும் காவல் செய்வது செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள இறுக்கப் பிணைப்பு. அக்ளூடின், கிளாடின் முதலிய புரதங்கள் பக்கத்துச் செல்லின் அதே புரதத்தைப் பற்றிக்கொள்வதால் அது உருவாகிறது. காஞ்சிப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரு ஊடைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பிடிக்கும்படி நெய்வதைக் கோர்வை என்கிறோம். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பது அதன் பெருமை. இறுக்கப் பிணைப்பும் அப்படிப்பட்ட பிடிமானம்தான், ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. கோர்வை ஒருமுறை நெய்தால் முடிந்தது. செல்களின் பிணைப்போ நாள்தோறும் அவிழ்ந்து, நாள்தோறும் புதிதாகக் கோக்கப்படுகிறது. சுற்றியுள்ள செல்கள் அனுப்பும் ரசாயன உத்தரவுக்கு ஏற்ப அது இறுகும், தளரும். உத்தரவு மாறினால், எந்தக் காயமும் இல்லாமலே தடுப்பு திறந்துகொள்ளும்.

இத்தனை காவல் எதற்கு? நரம்புச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பக் குளூட்டமேட் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது கூடுதலாக இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கவும் செய்கிறது. அதை உள்ளே விட்டால் விழித்திரையின் செய்தியெல்லாம் குழம்பிவிடும். நீர்க் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது. கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தத் திசுவுக்குள் அல்புமின் புரதம் புகுந்தால் அது நீரையும் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும்.

இந்தக் கசிவை உயிருள்ள மனிதக் கண்ணில் முதலில் தெளிவாகப் படம் எடுத்தவர்கள் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மாணவர்கள். அவர்களுடைய கட்டுரை 1961இல் வெளிவந்தது. ஃப்ளூரசின் என்ற சாயத்தைக் கைநரம்பில் ஏற்றினால் கால் நிமிடத்துக்குள் அது விழித்திரைக் குழாய்களில் பச்சையாக ஒளிரும். தடுப்பு சரியாக இருந்தால் சாயம் குழாய்க்குள்ளேயே நிற்கும், தளர்ந்திருந்தால் வெளியே பரவும். நம் கண் மருத்துவமனைகளில் ‘கண் ஆஞ்சியோ’ என்று சொல்லும் பரிசோதனை இதுதான். யுவியைட்டிஸ் உள்ளவர்களுக்கு எடுத்த படத்தில், விழித்திரையின் மையமான மாக்குலாவில் நீர் தேங்கிய அறைகள் பூவிதழ் வடிவில் ஒளிர்வது உண்டு. மாக்குலா வீக்கம் என்பது அது. இன்று ஓ.சி.டி. என்னும் கருவி ஊசியே இல்லாமல், ஒளியைக் கொண்டே அந்த வீக்கத்தின் தடிமனை அளந்துவிடுகிறது. நோயாளிக்கு அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான். கண்ணின் முன்பகுதியில் அழற்சி வந்தால் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும், ஆள் மருத்துவரிடம் ஓடுவார். பின்பகுதியில் வந்தால் பெரும்பாலும் வலியில்லை, சிவப்பில்லை. பூச்சி பறப்பதுபோல் நிழல்கள் மிதக்கும், நிறம் வெளுக்கும், நேர்கோடு நெளியும். தறியில் இருப்பவருக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது நேராக ஓடும் பாவு இழைகள் நடுவில் மட்டும் வளைந்து தெரிந்தால், அது மாக்குலா சொல்லும் செய்தி. இரு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் இந்தக் குறையை மறைத்துவிடும்.

இனி வரிசைக் கேள்விக்கு வருவோம். தடுப்பு உடைந்துதான் நோய் வருகிறது என்ற கட்சிக்கும் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டு, சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அடிபடாத மறு கண்ணிலும் கடுமையான அழற்சி தோன்றுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஸ்காட்லாந்தின் வில்லியம் மெக்கன்சி 1840இல் அதை விரிவாக எழுதினார். புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெய்ல் மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டு, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணையும் இழந்தது இதனால்தான் என்று பலர் கருதுகிறார்கள். 1910இல் எல்ஷ்னிக் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கண்ணுக்குள் ஒளிந்திருந்த புரதங்கள் காயத்தின் வழியே வெளியே வர, உடல் அவற்றை அந்நியம் என்று எண்ணித் தாக்குகிறது என்றார். காயம் பட்டவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் யுவியைட்டிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கண்ணில் அடியே பட்டதில்லை. அவர்கள் உடலுக்கு விழித்திரையின் புரதம் எப்படித் தெரிந்தது?

அது ஒருபோதும் முழுதாக ஒளிந்திருக்கவில்லை என்பதுதான் விடை. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் பயிற்சி பெறுகின்றன. உடலின் பல புரதங்களை அந்தச் சுரப்பி சிறிய அளவில் தானே செய்து காட்டி, அவற்றின்மேல் பாயும் செல்களை அங்கேயே நீக்கிவிடுகிறது. ஐ.ஆர்.பி.பி. என்ற விழித்திரைப் புரதமும் அப்படிக் காட்டப்படுகிறது. தைமஸில் அந்த ஒரு புரதம் இல்லாமற்போனால் மட்டுமே போதும், எலிகளுக்குத் தானாகக் கண் அழற்சி வருகிறது என்று 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கண்ணில் எந்தத் துளையும் போடாமலே வந்த நோய் அது. இந்தப் பயிற்சி முழுமையானதும் அன்று. நம் எல்லோருடைய ரத்தத்திலும் விழித்திரையை அடையாளம் காணக்கூடிய சில டி செல்கள் தப்பி உலவுகின்றன. உறக்க நிலையில் இருக்கும்வரை அவற்றால் தடுப்பைத் தாண்ட முடியாது. வேறெங்கோ தூண்டப்பட்டு விழித்துக்கொண்டால் முடியும். அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பியின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு மாற்றிய எலிகளில் அந்தத் தூண்டல் குடலில் நடந்தது. குடல் நுண்ணுயிரிகளைக் குறைத்தபோது கண்நோயும் தணிந்தது. மனிதர்களிலும் அப்படியே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தூண்டல் கண்ணுக்கு வெளியே நடக்கலாம் என்பதற்கு மட்டும் இது உறுதியான சான்று.

நேரடிச் சான்று வேறு சோதனைகளில் கிடைத்தது. ஒளிரும் அடையாளமிட்ட, ஏற்கெனவே தூண்டப்பட்ட டி செல்களை நல்ல கண்ணுள்ள எலிகளுக்குச் செலுத்திப் பின்தொடர்ந்தார்கள். ஒரு நாளுக்குள் அவற்றில் சில விழித்திரையில் தென்பட்டன. அப்போது தடுப்பு கசியவே இல்லை. நுழைந்தவற்றில் விழித்திரையைத் தாக்கக்கூடியவையும் இருந்தன, அதற்குத் தொடர்பே இல்லாத செல்களும் இருந்தன. தொடர்பில்லாதவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின, தடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விழித்திரைப் புரதத்தை அடையாளம் கண்ட செல்கள் உள்ளே போன கண்களில்தான், நாட்கள் கழித்துத் தடுப்பு தளர்ந்தது, அதன் பின்னர் வெள்ளணுக்கள் கூட்டமாக இறங்கின. முதலில் வந்தவை சில, சேதம் செய்தவை பல, இரண்டுக்கும் நடுவில் நிகழ்ந்தது தடுப்பின் தளர்வு. கசிவு தொடக்கமும் இல்லை, பின்விளைவு மட்டுமே என்று ஒதுக்கத்தக்கதும் இல்லை. சிறிய ஊடுருவல் பெரிய அழிவாக மாறும் திருப்பம் அது.

அந்தத் தளர்வு நடக்கும் விதமும் ஓரளவு தெரியும். உள்ளே வந்த டி செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் வகை ரசாயனங்களைச் சுரக்கின்றன. விழித்திரையின் சொந்தச் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொன்றைக் கூட்டுகின்றன. இவை குழாய்ச் செல்களிடம் சொல்வது ஒன்றுதான்: பிணைப்பைத் தளர்த்து, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ள உன் மேற்பரப்பில் பிடிகளை நிறுத்து. காலில் முள் தைத்த இடத்தில் நிகழ்ந்தால் இதே உத்தரவு நமக்கு உதவும், வீங்கிச் சிவந்து ஆறும். கால் மில்லிமீட்டர் நரம்புத் திசுவுக்கு அந்த வீக்கம் தாங்காது. வெளிவரிசை தளர்வதற்கு வோக்ட்–கொயனாகி–ஹராடா நோய் நல்ல எடுத்துக்காட்டு. நிறமிச் செல்களைத் தாக்கும் இந்தத் தன்னெதிர்ப்பு நோய், நிறமி மிகுந்த தோலுடைய மக்களிடம் கூடுதல், இந்தியக் கண் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. தலைவலி, காதில் இரைச்சல், பிறகு சில நாட்களில் இரு கண்ணிலும் பார்வைச் சரிவு என்று வரும். நிறமி அடுக்கின் பிணைப்புகள் தளர்ந்து, பின்னாலுள்ள ரத்தப் படலத்தின் நீர் முன்னால் வந்து, விழித்திரையையே இடத்தைவிட்டுத் தூக்கிவிடும். மாதங்கள் கழித்து இமைமுடி நரைக்கும், தோலில் வெண்புள்ளி வரும். கண்ணையும் தோலையும் காதையும் ஒரே நோய் தொடுவதிலிருந்தே அதன் வேர் கண்ணுக்குள் இல்லை என்பது விளங்கும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வேர் எங்கே இருந்தால் என்ன, கசிவது கண்ணில்தானே, கண்ணுக்குள் ஊசி போட்டு அடைத்தால் ஆயிற்று, உடல் முழுவதின் எதிர்ப்பை எதற்குக் குறைக்க வேண்டும்? ஸ்டீராய்டு மருந்து பிணைப்புப் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டித் தடுப்பை நேரடியாகவே இறுக்குகிறது என்பது உண்மை. மாக்குலா வீக்கம் உள்ள யுவியைட்டிஸ் கண்களுக்குள் செலுத்திய மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2023இல் வெளியான சோதனையில், நீரிழிவுக் கசிவுக்கு நன்றாக வேலை செய்யும் வி.இ.ஜி.எஃப். எதிர்ப்பு ஊசியைவிட ஸ்டீராய்டு வில்லை கூடுதலாக வீக்கத்தை வற்றச் செய்தது. ஒரே இடம், ஒரே வீக்கம், ஆனால் காரணம் வேறு என்பதால் மருந்தின் பலனும் வேறு. கண்ணுக்குள் மட்டும் மருந்து போதுமா என்பதைச் சோதித்த ஆய்வும் இருக்கிறது. 255 நோயாளிகளைக் கொண்ட மஸ்ட் ஆய்வு, கண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டைக் கசியவிடும் வில்லையையும், உடல் முழுவதற்கும் தரும் மாத்திரைச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. இரண்டாண்டு முடிவில் பார்வையில் வேறுபாடு இல்லை. ஏழாண்டு முடிவில், 2017இல் வெளியான கணக்கின்படி, மாத்திரைக் குழுவின் பார்வை அட்டையில் சராசரியாக ஏழு எழுத்து மேலே இருந்தது. அதற்குள் பத்தில் மூன்று பேர் ஆய்விலிருந்து விடுபட்டிருந்தார்கள், அதனால் அந்த எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ளக்கூடாது. திசை மட்டும் தெளிவு. வில்லையின் மருந்து தீர்ந்ததும் அழற்சி திரும்புகிறது, ஏனென்றால் தூண்டப்பட்ட செல்களின் ஊற்று வெளியே அப்படியே இருக்கிறது. கண்ணுக்குள் போடும் மருந்துக்கு உரிய இடம் உண்டு, அவசரத்துக்கும் ஒரே கண்ணில் வந்த நோய்க்கும் அது தேவை. இரு கண்ணிலும் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு அதை மட்டும் நம்புவது பிழை என்பது என் முடிவு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நம் நாட்டுக்கே உரியது. உலகில் காசநோய் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. இங்கே எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை எப்படித் துணிந்து கொடுப்பது? தன்னெதிர்ப்பு என்று நாம் நினைப்பது உண்மையில் கிருமியாக இருந்தால்? தமிழ்நாட்டு ஆய்வுகளே இந்தக் கேள்வியின் கூர்மையை உணர்த்துகின்றன. 1993 மழை வெள்ளத்துக்குப் பிறகு, 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவியைட்டிஸ் நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகத் திரண்டு வந்தார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் உடன் ஆய்ந்தவர்களும் அது எலிக்காய்ச்சலின் தொடர்ச்சி என்று கண்டறிந்தார்கள். இளைஞர்களின் விழித்திரைச் சிரைகளை அழற்றி ரத்தம் கசியவைக்கும் ஈல்ஸ் நோய் நெடுநாள் காரணம் தெரியாததாக இருந்தது. சென்னை சங்கர நேத்ராலயாவில் டாக்டர் எச்.என். மாதவன், டாக்டர் ஜோதிர்மய் பிஸ்வாஸ் முதலியோர் அந்த நோயாளிகளின் விழித்திரை மேலிருந்து எடுத்த சவ்வுகளைச் சோதித்து, ஏறத்தாழப் பாதியில் காசக் கிருமியின் டி.என்.ஏ. இருப்பதை 2000இல் வெளியிட்டார்கள். ஈல்ஸ் நோயில் கிருமியின் எச்சமும் அதைக் கண்டு மிகையாகக் கொதிக்கும் எதிர்ப்பும் சேர்ந்தே வேலை செய்வதாகத் தோன்றுகிறது. ஆக, தன்னெதிர்ப்பு, தொற்று என்று கோடு கிழித்துப் பிரிப்பது எப்போதும் எளிதன்று. இதிலிருந்து மருந்தே வேண்டாம் என்ற முடிவு வராது. காசநோய், மேகநோய், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ரத்தச் சோதனையும் நெஞ்சுப் படமும் எடுத்துத் தொற்று இல்லை என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்பதுதான் வரும். கண் சிவந்தால் கடையில் ஸ்டீராய்டுச் சொட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது இந்தக் காரணத்தாலேயே ஆபத்து. தொற்று இருந்தால் அது வளர இடம் கொடுக்கும், பின்கண்ணை எட்டவும் எட்டாது.

சுந்தரர் இழந்த பார்வையில் இடக்கண்ணைக் காஞ்சி ஏகம்பத்திலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் திரும்பப் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கண்ணுக்காக வேண்டி நிற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. கண் வைத்தியத்திலும் காஞ்சிக்குப் பங்கு உண்டு. 1976இல் காஞ்சி ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் சேவை மனப்பான்மையோடு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டதன் விளைவாக, டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் தொடங்கியதே சங்கர நேத்ராலயா. காஞ்சிபுரத்திலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், யுவியைட்டிஸுக்குத் தனிப் பிரிவு வைத்து இந்நோயை ஆய்ந்த இடம் இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகிறது. ஆக, தொலைவு பெரிய தடையில்லை. செலவும் பயமும்தான் தடை. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரையும் கண் அழுத்தமும் வரும் என்ற பயம் பொய்யில்லை. அதனால்தான் ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கும் மருந்து முக்கியம். அதற்கான பெரிய சான்று தமிழ்நாட்டின் பங்களிப்போடு வந்தது. மதுரை, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் 80 நோயாளிகளோடு நடந்த முதல் சோதனை 2014இல் வெளியாயிற்று. அதன் தொடர்ச்சியாக ஐந்து நாடுகளில் 216 பேருடன் நடந்த சோதனையின் முடிவு, டாக்டர் ரத்தினத்தை முதல் ஆசிரியராகக் கொண்டு 2019இல் வந்தது. முடக்குவாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் மலிவான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, விலை கூடிய மைக்கோஃபினோலேட்டுக்கு ஒட்டுமொத்தத்தில் பின்தங்கவில்லை. ஆறு மாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் அடங்கியது. பின்கண் அழற்சியில் அது ஒருபடி மேலாகவும் இருந்தது. இதற்கும் அடங்காதவர்களுக்கு டி.என்.எஃப்பை நேரடியாகத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசி 2016இல் அமெரிக்காவில் யுவியைட்டிஸுக்கு அனுமதி பெற்றது. அதன் நிகர்மருந்தை உலகில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்தியா, 2014இல். ஆனால் மறைந்திருக்கும் காசநோயை எழுப்பும் ஆபத்து அதில் மிகுதி, சோதிக்காமல் போடக்கூடாது.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மது கூடாது, கல்லீரலுக்கும் ரத்த அணுவுக்கும் அவ்வப்போது சோதனை வேண்டும். இவ்வளவும் செய்து பார்வை தெளிந்ததும், இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர். பார்வை தெளிந்தது தடுப்பு இறுகியதால். அதைத் தளர்த்திய செல்கள் இன்னும் ரத்தத்தில் இருக்கின்றன, நிறுத்தும் முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

நெசவாளர்களுக்காகக் கண் முகாம் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். கண்புரைக்கும் கண்ணாடிக்கும் பார்ப்பதோடு நிற்காமல், கண்ணாடி போட்டும் தெளியாத ஒவ்வொருவரையும் சொட்டு விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்புங்கள். நாற்பது வயதுக்குள் இருப்பவரானால் கட்டாயம் அனுப்புங்கள். மாக்குலாவில் நீர் தேங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால் பார்வை பெரும்பாலும் திரும்ப வாய்ப்புண்டு. ஆண்டுக்கணக்கில் ஊறிச் செத்த நரம்புச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.